ஈரத்துக்குக் கழித்த கிலோ

சிவமயம்

கொட்டாஞ்சேனை,
14.01.2024

அன்புள்ள மகள் சுபாஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறபடி சுகம். நீயும் அந்தச் சீனக் குளிரில் காது, மூக்கு எல்லாம் மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

அம்மா போனில் சொல்வதற்கு முன் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அம்மாவை உங்கள் பல்கலைக்கழகம் இங்கே நடத்தும் ஆராய்ச்சிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அட்டையில் அவள் பெயர் ‘பே. ராமையா’ என்றுதானே இருக்கிறது. திரைக்கு உள்ளே இருந்து ஒரு புதுப் பிள்ளை “ராமையா” என்று கூப்பிட்டாள். ஆமர் வீதி இரும்புக் கடையில் முப்பது வருடம் ‘ராமையா’ என்றதும் ஓடிப் பழகியவன், ஓடிப்போய்க் கட்டிலில் படுத்துவிட்டேன். காற்சட்டையைச் சுருட்டச் சொன்னாள், சுருட்டினேன். மயிர் இருந்தால் ஒட்டாது என்று இடது காலில் இரண்டு இடம் வழித்தாள். அதற்கும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்று, கணுக்காலுக்கு மேலே ஒன்று, பிளாஸ்டர் மாதிரி ஒட்டி வயர் மாட்டினாள். கட்டெறும்பு வரிசையாக ஏறுவது போல இருந்தது. பெருவிரல் என்னைக் கேட்காமலே துள்ளியது. அப்போதுதான் பெரிய நேர்ஸ் நளீபா வந்து, “அங்கிள், வருத்தம் உங்களுக்கா, ஆன்ட்டிக்கா?” என்று கேட்டார்.

அம்மா சிரித்தாள் பார், கென்சருக்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அப்படி ஒரு சிரிப்பு நான் பார்க்கவில்லை. என் காலில் இரண்டு வழுக்கை விழுந்ததில் நட்டமில்லை.

எனக்கு மாட்டியது பழக்கிக் காட்டுகிற மெசினாம். அம்மாவுக்கு இலக்கம் ஒட்டிய வேறு மெசின். இருபது நிமிடம் வைத்தார்கள். “ஒண்ணுந் தெரியலங்க” என்றாள். அவள் பாதம்தான் ஏற்கெனவே மரத்துப்போய் எரிகிறதே, எறும்பு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு ஒரு கொப்பி தந்திருக்கிறார்கள். தினமும் பின்னேரம் வலி எவ்வளவு என்று பூச்சியம் முதல் பத்து வரை எழுத வேண்டும். பத்து என்றால் தாங்க முடியாத வலி என்று நளீபா விளங்கப்படுத்தினார். அம்மா, “தாங்க முடியாதுன்னா எறக்கி வைக்கவா முடியும்?” என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்கு முன் பதினொரு வருடம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவள் அல்லவா, “இன்னிக்கு பதினெட்டு கிலோ” என்கிறாள். இருபது கிலோ முழுக்கூடை. நான் இரண்டால் பிரித்து ஒன்பது என்று எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு இது போதாதா?

என் காது இரும்பு வெட்டி வெட்டிப் போய்விட்டதால் போனை லவுட்ஸ்பீக்கரில்தான் போடுகிறேன். நீ தும்மினால் பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா ‘காட் பிளெஸ் யூ’ என்கிறார். ஆகவே அம்மாவின் வருத்தத்தைப் பற்றிய கதை எல்லாம் இனி தபாலில்.

அன்புடன் அப்பா,
ராமையா


செங்டு,
02.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால் மயிர் முளைத்ததா என்று அறிய ஆவல். உங்கள் கடிதத்தை ஆய்வுகூடத்தில் வாசித்துச் சிரித்து, என் சிநேகிதிக்கு மொழிபெயர்க்க முடியாமல் தவித்தேன்.

ஒரு விசயம். அம்மா இதில் சேர்ந்திருப்பது பேராசிரியருக்குத் தெரியும். ஆனால் அம்மாவுடைய இலக்கம் எனக்குத் தெரியக்கூடாது. கொழும்பிலிருந்து வரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது நான்தான். அதனால் அட்டையில் உள்ள இலக்கத்தைத் தவறியும் எழுதிவிடாதீர்கள்.

இங்கே பழைய வைத்தியர்கள் உடம்பில் பன்னிரண்டு பாதைகள் ஓடுவதாகச் சொல்வார்கள். நாங்கள் அந்தப் பாதையைத் தேடவில்லை. அதில் அவர்கள் குறிக்கும் புள்ளிகளை மின்சாரத்தால் தூண்டினால், மருந்தில் கருகிய நரம்பு கொஞ்சமாவது அடங்குகிறதா என்று அளக்கிறோம். இதுவரை அளந்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை, அப்பா. இந்த வருடமும் எண்கள் இறங்காவிட்டால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். நான் பட்டம் இல்லாமல் திரும்ப வேண்டி வரும். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். உங்களிடம் சொன்னால் பாரம் குறையும் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

அம்மாவைச் சூடான தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள். சூடு தெரியாது.

மகள்,
சுபாஷினி


சிவமயம்

கொட்டாஞ்சேனை,
25.02.2024

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமில்லாமல் யோசித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். யோசிக்காதே. உங்கள் மெசின் நல்ல மெசின். பன்னிரண்டு பாதை என்கிறாய், நூற்றெழுபத்தாறாம் நம்பர் பஸ் மாதிரி பிந்தித்தான் வரும், ஆனால் வரும்.

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், உனக்குத் தெரியும்தானே. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு இரண்டு கிலோ என்று கழிப்பாரே, அந்த ஆளை அம்மா இன்றைக்கும் திட்டுவாள். இப்போது நான்தான் அவளுடைய கணக்கப்பிள்ளை. அழுதுகொண்டு சொன்னால் ஈரத்துக்குக் கழிக்கிறேன். முதுகு வலியையும் சேர்த்துச் சொன்னால் சாக்குக்குக் கழிக்கிறேன். கழித்தது போக மிச்சம்தான் கொப்பிக்கு.

மெற்றில்டா அக்கா உனக்காக அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறாராம். நீ பட்டத்தோடுதான் வருவாய்.

அப்பா


செங்டு,
16.03.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமா? கழித்து எழுதுவதாகச் சொன்னது பகிடி என்றே எடுத்துக்கொள்கிறேன். அம்மா சொல்வது கிலோவோ கொத்தோ, சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்.

இனி நல்ல செய்தி. கொழும்பு எண்கள் வந்தன. இருபத்தேழாம் இலக்கம் என்று ஒருவர். ஒன்பதில் தொடங்கி, கடைசி நாட்களில் மூன்று நாளுக்கு ஒன்றாகப் படி இறங்குவது போல இறங்கி, இப்போது மூன்றில் நிற்கிறார். பேராசிரியர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, என் தோளில் தட்டினார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஆய்வு இன்னும் ஆறு மாதம் நடக்கும் என்று சொல்லிவிட்டார். அந்த இருபத்தேழு ஆணோ, பெண்ணோ, எந்தத் தெருவோ தெரியாது. தூங்கப்போகும் முன் அந்த ஆளுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் அவசரப்படக்கூடாது. சேரும்போது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்தானே, பாதிப் பேருக்கு மின்சாரமே வராத மெசின். விளக்கு எரியும், ஒட்டும் ஒட்டுவார்கள், ஆனால் ஒன்றும் ஓடாது. யாருக்கு எது என்று கடைசியில்தான் உறையைத் திறந்து பார்ப்போம். உண்மையான மெசின் வைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக இறங்கினால்தான் எங்களுக்கு வெற்றி.

மகள்


சிவமயம்

கொட்டாஞ்சேனை,
15.04.2024

அன்புள்ள மகளுக்கு,

புது வருட ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதம் ஏப்ரல் ஆறாம் திகதி கிடைத்தது. நான்கு தடவை வாசித்தேன். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

சேரும்போது அந்தப் பாதி மெசின் கதையைச் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது என் காற்சட்டையை இறக்கிவிடும் அவசரத்தில் இருந்தேன்.

வருடப் பிறப்புக்கு முந்திய திங்கட்கிழமை பெரிய டொக்டர் அம்மாவைப் பார்த்தார். கொப்பியைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். வலி இறங்குவதால் முதுகை ஸ்கேன் பண்ண இப்போது அவசரமில்லையாம், ஜூலையில் பார்க்கலாமாம். அம்மாவுக்கு இடது கால் செருப்பு நடக்கும்போது கழன்று விழுகிறது. விழுந்தது அவளுக்குத் தெரிவதில்லை. நான் பின்னால் போய் எடுத்துக் கொடுக்கிறேன். மரத்துப்போனதால் அப்படி என்று டொக்டர் சொன்னார்.

பால்சோறு செய்தோம். அம்மா ஒரு கரண்டி சாப்பிட்டாள். வேறு விசேஷம் இல்லை.

அப்பா


செங்டு,
05.05.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா எப்படி? போனில் கேட்டால் “நல்லா இருக்கேன் புள்ள” என்று மட்டும் சொல்கிறார். மெற்றில்டா அக்கா பின்னால் இருமுகிறார்.

செருப்பு விசயம் எனக்குப் பிடிக்கவில்லை. வலி குறைந்துகொண்டே கால் மட்டும் பலமிழப்பது பொருந்தவில்லை. ஜூலை வரை நிற்க வேண்டாம். திரும்பவும் டொக்டரிடம் போய், முதுகை உடனே பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒன்றை எனக்காகச் செய்யுங்கள். அவர் ஏன் என்று கேட்டால் வலி எத்தனை என்று சொல்லுங்கள்.

நீங்கள் பகிடி எதுவும் எழுதாமல் ஒரு கடிதம் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

மகள்


சிவமயம்

கொட்டாஞ்சேனை,
02.06.2024

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் முப்பதாம் திகதி வந்தது. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. போனில் சொன்னதுதான். இருபத்தோராம் திகதி செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் கோவிலுக்குப் போகிற வழியில், பழக்கடைக்கு முன்னால் அம்மாவின் இரண்டு கால்களும் மடிந்துவிட்டன. அவள் வலியில் கத்தவில்லை. “என்னங்க, என் காலு எங்க?” என்று கேட்டாள். பழக்கடை முதலாளி இப்ஹாம்தான் கடைக் கதிரையில் உட்காரவைத்து, கதிரையோடு தூக்கி ஓட்டோவில் வைத்தார்.

கென்சர் முதுகெலும்புக்கு வந்து நாட்கள் ஆகிவிட்டதாம். ஏப்ரலில் பார்த்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்து நடக்க வைத்திருக்கலாம் என்று வோர்ட்டில் ஒரு சின்ன டொக்டர் சொன்னார். அவர் பாவம், தமிழ் படிக்கிற ஆசையில் அதைத் தமிழிலேயே சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

பரீட்சையை முடித்துவிட்டு வா. விட்டுவிட்டு வந்தால் அம்மா கோபிப்பாள்.

ராமையா


செங்டு,
20.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? முப்பத்தோராம் நாள் முடிந்ததும் புறப்பட்டது எனக்கே குற்றமாக இருக்கிறது. அந்தக் கடைசி மூன்று வாரமாவது அம்மாவின் பக்கத்தில் இருந்தேன் என்று மனதைத் தேற்றுகிறேன்.

நேற்று உறைகளைத் திறந்தார்கள். ஆய்வின்போது இறந்தவர்களின் பட்டியலும் மேசையில் இருந்தது. ஒரே ஒருவர்தான். இலக்கம் இருபத்தேழு. இறந்த திகதி ஆகஸ்ட் 11. எனக்கு எழுத்துகள் தெரியாமல் போயின.

அப்பா, இருபத்தேழு மின்சாரம் இல்லாத மெசின். ஒன்றுமே ஓடாத மெசினில் ஒன்பது மூன்றாக இறங்கியிருக்கிறது. இத்தனை மாதமாக நான் நன்றி சொன்னது அம்மாவுக்கு. பேராசிரியர் அனுதாபம் சொல்லிவிட்டு, இது நம்பிக்கையின் பலம், தனியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்கிறார்.

நீங்கள் பெப்ரவரியில் எழுதியதை எடுத்து வாசித்தேன். பகிடி என்று நினைத்தேனே அந்தக் கடிதத்தை. ஒன்றைத்தான் கேட்கிறேன். கொப்பி எழுதிய நாட்களில் அம்மா உண்மையிலேயே மூன்று என்று சொன்னாரா? சொல்லியிருந்தால் அந்த நாட்களிலாவது வலி இல்லாமல் இருந்தார் என்று நான் ஆறுதல் அடைவேன். போனில் கேட்டால் காது கேட்கவில்லை என்பீர்கள். எழுதுங்கள்.

மகள்


சிவமயம்

கொட்டாஞ்சேனை,
17.10.2024

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டு வெட்டினேன், தாளில் தெரியும். மழை. கூரையில் ஒழுகிய இடத்துக்கு இப்ஹாம் ஆள் அனுப்பி அடைத்துத் தந்தார். மெற்றில்டா அக்கா மத்தியானம் சோறு தருகிறார். நான் வைத்த பருப்பை அவருடைய நாயே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நீ குளிருக்குக் கம்பளி வாங்கு.

அப்பா


செங்டு,
09.11.2024

அப்பா,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

சுபாஷினி


சிவமயம்

கொட்டாஞ்சேனை,
08.12.2024

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும். இதை வாசித்த பிறகும்.

அம்மா என்னிடம் ஒரு நாளும் மூன்று என்று சொல்லவில்லை. ஆறு கிலோ என்று அவள் வாயில் வந்ததே இல்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு. உன் முதல் கடிதத்தில் எண்கள் இறங்க வேண்டும் என்று வாசித்தேன். அன்றைக்கே ஒன்று கழித்தேன். ஒன்றுதானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இன்னொன்று. இரும்புக் கடையில் அளவு பிசகாமல் குழாய் வெட்டியவன், அதையும் பிசகாமல் படிப்படியாக வெட்டினேன். அதனால்தான் அவ்வளவு அழகாக இறங்கியிருக்கிறது.

மெசினில் மின்சாரம் இல்லை என்று உன் இரண்டாவது கடிதம் வாசித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. எறும்பு என் காலில்தான் ஏறியது, அவள் காலில் ஏறவே இல்லை. ஓடாத மெசினுக்கு நான் இறக்கிக் காட்டினால் உனக்கு வெற்றி இல்லை, தோல்வி என்பதும் மெதுவாக விளங்கியது. ஆனால் அதற்குள் உன் பேராசிரியர் வட்டம் போட்டுவிட்டார். நான் உண்மையைச் சொன்னால், ஆராய்ச்சிக்காரியின் தகப்பனே பொய் எழுதினான் என்று உன்னை வெளியே போடுவார்கள் என்று பயந்தேன்.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்கிறேன். நளீபாவுக்கு நோன்பு, தொழப் போயிருந்தார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவின் சிங்களம் சந்தைக்குப் போதும், வலிக்குப் போதாது. டொக்டர் கையில் கொப்பி, அதில் மூன்று. என் பையில் உன் கடிதம். அவர் அம்மாவைப் பார்த்து எவ்வளவு வலி என்று கேட்டார். அம்மா, “பத்தொம்போது கிலோ. முதுகுல ஏறிருச்சுன்னு சொல்லுங்க” என்றாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் மூன்று என்றேன். அவர் தலையை ஆட்டி, ஜூலை என்று எழுதினார்.

மகள், மரக்கறி வாங்குகிறவளுக்குச் சிங்களத்தில் மூன்று தெரியாதா? அவள் டொக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது, “ஈரத்துக்கா கழிச்சீங்க, சாக்குக்கா?” என்று கேட்டாள். நான் காது கேளாதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் காது நன்றாகக் கேட்டது. இறங்கும்போது அவள் செருப்பு கழன்று விழுந்தது. குனிந்து எடுத்து மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகும் தினமும் பின்னேரம் கிலோ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நானும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி வாரங்களில் நீ பக்கத்தில் இருந்து, “அம்மா, எவ்வளவு வலிக்குது?” என்று கேட்கும்போதெல்லாம் அவள் உன்னைப் பார்த்து, “மூணு, புள்ள” என்றாள். ஏன் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கட்டுரை எழுத வேண்டாம். இருபத்தேழாம் இலக்கம் முழுவதும் பொய், ராமையா எழுதியது என்று உன் பேராசிரியரிடம் சொல். இந்தக் கடிதத்தையே காட்டலாம். என்னோடு கதைக்காமல் இருக்க வேண்டும் என்றால் இரு. ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

கொப்பி கிளினிக்கில் இருக்கிறது, இனித் திருத்த முடியாது. அந்த அறையில் வாயால் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா ராமையா

இலக்கம் இருபத்தேழு. பேச்சியம்மா. ஏப்ரல் எட்டாம் திகதி. பத்தொன்பது கிலோ. ஒன்றும் கழிக்கவில்லை.